எழுத்திலே ஆறு, செவியிலே மூன்று

சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமையொன்றின் மாலை வேளையிலே இளம்பெண் ஒருத்தி எமது வீட்டுக்கு வந்தாள். அவளுடைய தமையன் எம்மிடம் முன்னர் படித்தவர். இப்பொழுது பாரிஸ் நகரின் புறத்தே குடும்பத்துடன் வாழ்பவர். தங்கைக்கும் அந்நாட்டிலேயே மணம் பொருந்தியிருக்கிறது. "பிரயாணத்துக்கு முன்னர் பிரெஞ்சு வினைச்சொற்களை உச்சரிக்கும் முறையை அவளுக்கு ஒருக்கால் விளங்கப்படுத்தி விடுங்கள், சேர். நான் பட்ட பாட்டை அவள் படக்கூடாது" என்று தமையனார் எழுதியிருந்தார். அவர் பட்ட பாடு யாது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

அவள் கையிலே ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. பக்கத்துக்கு ஒரு வினையாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் ஒலியைத் தமிழெழுத்தால் குறித்து, அசைகளைச் சிறு கோடிட்டுப் பிரித்திருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் முதற் பக்கத்தின் கடைசி வரியிலேயே எமது கண் நின்றுவிட்டது. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கு எதிரே 'பார்-லெண்ட்' என்று அவள் எழுதியிருந்தாள்.

நாம் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்திலே பிரெஞ்சு மொழியைத் துணைப்பாடமாகக் கற்கத் தொடங்கிய முதல் வாரத்தில் நாமும் அவ்வாறே வாசித்தவர்கள்தாம். "கண்ணிற் கண்டதைச் சொல்லாதீர், காதிற் கேட்டதைச் சொல்லும்" என்று எமது ஆசான் அன்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் விரிவே இவ்வாரக் கட்டுரை. புகலிட நாடுகளில் உறவினர் இல்லாத வீடு நம்மிடையே அரிது. பிரான்சிலோ மொழியறிவு இப்பொழுது வெறும் அலங்காரமன்று. 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கு பிரகடனப்படுத்தப்பட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதலாக, பல்லாண்டு வதிவிட அட்டையைப் பெறுவதற்கு ஐரோப்பிய மொழித்தர வரிசையில் ஏ-2 என்னும் படியும், பத்தாண்டு அட்டைக்கு பி-1 படியும், குடியுரிமைக்கு பி-2 படியும் வேண்டப்படுகின்றன. சில விலக்குகளும் உண்டு. ஆதலின் நமது வாசகர் பலருக்கு இது வீட்டு விடயமே.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு ஒலிகளைத் தமிழெழுத்தால் முற்றாகக் காட்டுதல் இயலாது. 'நான்' என்னும் சொல்லை 'ஜெ' என எழுதுவோம். அதன் முதலொலி நமது ஜகரத்திலும் மெல்லியது, நா அண்ணத்தை முட்டாமலே பிறப்பது. 'நீ' என்பதனைத் 'தூ' என எழுதுவோம். இதழைக் குவித்துக்கொண்டு ஈகாரத்தைச் சொன்னால் அவ்வுயிர் வரும். சொல்லின் ஈற்றில் 'ஓன்', 'ஆன்' என எழுதுமிடத்து னகரத்தை நுனிநாவால் ஒலிக்கலாகாது. உயிரொலியை மூக்கின் வழியே விட்டால் போதும். ஸகரம் என நாம் எழுதுவதனை வண்டு இரைவதுபோல ஒலிக்க. சகரத்தைப் 'பசி' என்னுமிடத்து ஒலிப்பதுபோல ஒலிக்க. உரோம எழுத்துக்களை நாம் பள்ளியிற் பழகிய ஆங்கிலப் பெயர்களாலேயே குறிப்போம்.

இனி 'பேசுதல்' என்னும் வினையைப் பார்ப்போம். அதன் பெயர் 'பார்லே'. நிகழ்காலத்தில் அது இவ்வாறு நடக்கும்: ஜெ பார்ல், தூ பார்ல், இல் பார்ல், நூ பார்லோன், வூ பார்லே, இல் பார்ல். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்பன முறையே அவற்றின் எழுவாய்கள். எழுத்திலே நீக்குச் சொல்லின் ஈற்றில் ஓர் எஸ் உண்டு. அவர்களுக்கு ஈ-என்-ரி என்று மூன்றெழுத்து உண்டு. செவியிலே இவை எவையும் இல்லை. வரிகள் ஆறு, கேட்கும் வினைவடிவங்கள் மூன்றே: பார்ல், பார்லோன், பார்லே. அன்றாடப் பேச்சிலோ பிரெஞ்சுக்காரர் 'நாம்' என்பதற்குப் பெரும்பாலும் 'ஓன்' என்னும் சொல்லையே வழங்குவர். அதன் பின்னும் வினை 'பார்ல்' என்றே வரும். அப்பொழுது மூன்றும் இரண்டாகிவிடும்.

தமிழர் இவ்விடத்தில் வழுக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. நமது வினைக்கு உயிர்நிலை அதன் ஈற்றிலே இருக்கிறது. 'வந்தேன்' என்றால் வந்தவர் யார் என்று எவரும் வினவார்; 'நான்' என்பதனைச் சொல்லாமலே விடலாம். ஏன், ஆய், ஆன், ஆர் என்னும் விகுதிகள் ஆளையும் எண்ணையும் பாலையும் சுமக்கின்றன. ஆதலின் புதிய மொழியொன்றைக் கேட்கும்போதும் நமது செவி சொல்லின் வாலைப் பிடிக்கவே ஓடும். பிரெஞ்சு மொழியின் தாயாகிய இலத்தீனும் ஒருகாலத்தில் நம்முடையதைப் போன்றதே. அங்கும் விகுதியே ஆளைக் காட்டியது, எழுவாயை விட்டுவிடலாம். காலப்போக்கிலே அவ்விகுதிகளின் ஒலி தேய்ந்தது. ஒலி தேய்ந்தபின் ஆளைக் காட்ட வேறு வழி வேண்டுமன்றோ? ஆகவே, முன்னே நிற்கும் 'ஜெ', 'தூ', 'இல்' என்பவை விடமுடியாதனவாயின. தமிழ் வினையை வாலிலே கேட்க வேண்டும். பிரெஞ்சு வினையைத் தலையிலே கேட்க வேண்டும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் பாதி வழி கடந்தவாறாயிற்று.

இங்கே அப்பெண் ஒரு வினாவை எழுப்பினாள். "சேர், வாசிக்காத எழுத்தை என்னத்துக்கு எழுதுகினம்?"

நல்ல கேள்வி. பழைய ஒலியின் அடையாளம் எழுத்திலே தங்கிவிட்டது என்பது ஒரு விடை. அதனாற் பயனும் உண்டு என்பது மற்றொரு விடை. 'விற்றல்' என்னும் வினையைப் பாருங்கள். 'அவன் விற்கிறான்' என்பது 'இல் வான்'; சொல்லின் ஈற்றில் எழுதப்படும் டி ஒலிப்பதில்லை. 'அவர்கள் விற்கிறார்கள்' என்பது 'இல் வாந்த்'. இங்கே டி ஒலிக்கிறது. இது எதனாலாயிற்று? அதன் பின்னே வாய்திறவாமல் நிற்கும் ஈ-என்-ரி தான் அந்த மெய்யைக் காக்கிறது. சொல்லின் கடைசி மெய் தனித்து நின்றால் பெரும்பாலும் விழும்; பின்னால் ஓர் ஊமை எகரம் நின்றால் விழாது. அவ்வாறே 'அவன் உறங்குகிறான்' என்பது 'இல் தோர்'; 'அவர்கள் உறங்குகிறார்கள்' என்பது 'இல் தோர்ம்'. 'அவன் புறப்படுகிறான்' என்பது 'இல் பார்'. 'அவர்கள்' எனின் 'இல் பார்த்'. தான் பேசாமலே பக்கத்திலிருப்பவனைப் பேசவைக்கும் எழுத்து இது.

மேலும், நமது எழுத்தும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 'பம்பரம்' என்னும் சொல்லில் முதற் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு. 'தங்கம்', 'காகம்' என்பவற்றிலே ககரம் எத்தனை விதமாக ஒலிக்கிறது! தமிழ் கற்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் "இதை ஏன் இப்படி எழுதுகிறீர்கள்?" என்று நம்மைக் கேட்கலாம். ஆதலின் பிறமொழி எழுத்தை எள்ளுதல் முறையன்று.

ஆயினும் ஈ-என்-ரி எல்லாச் சொற்களிலும் ஊமையென்று எண்ணிவிடவும் கூடாது. வினையின் பன்மை ஈறாக வருமிடத்தே ஊமை. பிரான்சின் பள்ளிக்கூடங்களிலே இதற்கு ஒரு வேடிக்கையான வாக்கியம் வழங்குகிறது: 'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்பது அதன் பொருள். மடம் என்னும் பெயரும் அடைகாக்கின்றன என்னும் வினையும் அங்கே எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மடமாக வரும்போது 'கூ-வான்' என இரண்டு அசை. அடைகாக்கும்போது 'கூவ்' என ஓரசை. அச்சொல் பெயரா, வினையா என்பதை அறிந்த பின்னரே அதனை வாசிக்க முடியும்.

இனி அசை பிரித்தலுக்கு வருவோம். பிரெஞ்சிலே அசை பிரிப்பு இருவகை: ஒன்று அச்சுக்கோப்போருக்கு உரியது, மற்றது பேசுவோருக்கு உரியது. வரியின் ஈற்றிலே இடம் போதாவிட்டால் 'பார்லெண்ட்' என எழுதப்படும் அச்சொல்லை எல்லின் முன்னே கோடிட்டு இரண்டாக வெட்டலாம். அது கண்ணுக்குரிய பிரிப்பு. எமது மாணவி கண்ட பிரிப்பும் அதுவே, நூலிலே பிழையில்லை. ஆனால் நாவிலே அது ஓரசைதான்.

நாவுக்குரிய விதிகள் சில. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னுள்ள உயிரோடு சேரும்: 'நாம் எழுப்புகிறோம்' என்பது 'நூ லெ-வோன்'. இரண்டு மெய்கள் நின்றால் முன்னதற்கொன்று, பின்னதற்கொன்று: 'பார்-லோன்'. ஆனால் இரண்டாவது மெய் ரகரமாகவோ லகரமாகவோ இருந்து, முன்னது அதனோடு ஒட்டும் வல்லொலியானால், இரண்டும் பிரியாமல் ஒருங்கே பின்னசைக்குச் செல்லும்: 'காட்டுதல்' என்னும் வினை 'மோன்-த்ரே' என்றே பிரியும். இயன்றவரை அசையை உயிரிலே முடிப்பதுதான் அம்மொழியின் விருப்பம்.

அவ்விருப்பம் சொல்லின் எல்லையையும் தாண்டும். நமக்கு இது புதிதன்று. 'பால்' என்னும் சொல்லின் முன் 'அடை' வந்தால் 'பாலடை' ஆகிறது; 'பா-ல-டை' என்றே அசைக்கிறோம். 'அவன் நேசிக்கிறான்' என்பதில் 'இல்', 'எம்' என இரு சொற்கள் உண்டு. வாயிலே அது 'இ-லெம்'. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்னுமிடத்து எழுவாயின் ஈற்றிலே எழுதப்பட்டு உறங்கிக் கிடக்கும் எஸ், பின்னே உயிர் வந்ததும் விழித்துக்கொள்ளும்: 'இல்-ஸெம்'. வினை மாறவேயில்லை, ஒருமையா பன்மையா என்பதைச் சொல்வது அந்த ஒரு வண்டிரைச்சல்தான்.

இதைக் கவனியாவிட்டால் வரும் தீங்கு சிறிதன்று. 'இல்-ஸோன்' என்றால் 'அவர்களிடம் இருக்கிறது'. 'இல்-சோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழ் எழுத்துக்குத் தெரியாத வேறுபாடு. மாணவியை இவ்விரண்டையும் இருபது முறை மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னோம். தொண்டையிலே விரலை வைத்துப் பார்த்தால், முதலாவதன் நடுவிலே அதிர்வு தொடரும்; இரண்டாவதிலே ஒரு கணம் அதிர்வு நிற்கும்.

உடம்படுமெய் என்பதனை நாம் சிறு வகுப்பிலே படிக்கிறோம். இரண்டு உயிர்கள் மோதாதவாறு யகரமோ வகரமோ இடையிலே வந்து நிற்கும்: 'மணி' முன் 'அடித்தது' வர 'மணியடித்தது' ஆகிறது. பிரெஞ்சு வினாவிலே அந்தத் தொண்டைச் செய்வது ரி என்னும் எழுத்து. 'இல் வா' என்றால் அவன் போகிறான். திருப்பி வினாவாக்கினால் 'வா-தில்?' என வரும். 'அவனிடம் உண்டா?' என்பது 'ஆ-தில்?'. சொல்லிலே இல்லாத தகரவொலி எங்கிருந்து வந்தது? வேறு பல வினைகளின் ஈற்றிலே ரி இயல்பாகவே உண்டு, 'ஏ-தில்?' என்னும் 'அவன் இருக்கிறானா?' அத்தகையது. அவற்றைப் பார்த்து இவையும் அவ்வொலியைக் கடன் வாங்கிக்கொண்டன.

அடுத்தது ஊமை எகரம். இதனை விளக்க எமக்குக் கைகொடுத்தது நமது குற்றியலுகரம். 'நாடு' என்பதன் ஈற்றுகரம் குறுகியொலிப்பது. 'இல்லை' என உயிர் வந்தால் 'நாடில்லை' என மறைந்துவிடும். பிரெஞ்சு எகரமும் அவ்வாறே உயிரின் முன் மறையும். சொல்லின் நடுவிலும் இடம் பார்த்து மறையும். 'கொடுப்பேன்' என்பது எழுத்திலே மூன்றசை. பேச்சிலே 'ஜெ தொன்-ரே' என வினை இரண்டசையே. ஆனால் 'பேசுவேன்' என்பது பேச்சிலும் 'பார்-லெ-ரே' என மூன்றசையாகவே நிற்கும். ஏனெனில் எகரம் விழுந்தால் ர், ல், ர் என மூன்று மெய்கள் ஒன்றையொன்று நெருக்கும். மோரிஸ் கிரம்மோன் என்னும் பிரெஞ்சு ஒலியியலறிஞர் இதனை மூன்று மெய்களின் விதி என்று வகுத்தார். மூன்று மெய்கள் மோத நேர்ந்தால் எகரம் நின்று காக்கும், அல்லாவிடின் ஒதுங்கும். பிரான்சின் தென்பகுதியாரோ எகரத்தை இன்றும் பெரிதும் ஒலிப்பர்.

செய்யுளிலே கணக்கு வேறு. கொர்னேய், ரசீன் முதலியோர் நாடகங்களின் அடி பன்னிரண்டு அசை கொண்டது. அவ்வடியினுள் மெய்க்கு முன் வரும் ஊமை எகரமும் ஓரசையாக எண்ணப்படும். எனவே நமது மாணவியின் இரண்டசைக் கணக்கு செய்யுளிலே செல்லும். அங்கும் 'லெண்ட்' என்னும் ஒலி மட்டும் செல்லாது! அசைக்கணக்கு அங்கே வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் பெரிய காரியம். 1637 ஆம் ஆண்டு கொர்னேயின் 'சித்' நாடகம் அரங்கேறியபோது, கொலைஞன் என்று பொருள்படும் சொல்லை அவர் மூன்றசையாக்கியது தவறு, அது இரண்டசையே என்று ஸ்குதேரி என்பவர் கண்டித்தார். ஆனால் காலம் கொர்னேயின் பக்கமே தீர்ப்பளித்தது. 'நீங்கள் பேசினீர்கள்' என்னும் பழைய தொடர்வினை 'பார்-ல்யே' என இரண்டசை. 'நீங்கள் விரும்புவீர்கள்' என மரியாதையாகச் சொல்வது 'வூ-த்ரி-யே' என மூன்றசை. ரகரத்தோடு ஒட்டிய மெய்யின் பின்னே இகரம் சுருங்க மறுப்பதே காரணம்.

அசையை அறிந்தவர்க்கு எழுத்துப்பிழையும் குறையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'நாம் எழுப்புகிறோம்' என்பதில் 'லெ' மெலிந்த எகரம். 'நான் எழுப்புகிறேன்' என்னும்போது 'வோன்' என்னும் ஈற்றசை இல்லை. ஆகவே அந்த எகரமே சொல்லின் கடைசி அசையைத் தாங்கவேண்டும். மெலிந்தது தாங்குமா? வாயை அகலத் திறந்த எகரமாக அது வலுக்கிறது: 'ஜெ லெவ்'. எழுத்திலே அதன் தலையில் ஒரு சாய்கோடு ஏறுகிறது. 'அழைத்தல்' என்னும் வினையிலோ சாய்கோட்டுக்குப் பதிலாக எல் இரட்டிக்கிறது: 'ஜா-பெல்' என்பதில் இரண்டு எல், 'நூ-ஸாப்-லோன்' என்பதில் ஒன்றே. பட்டியலாக மனனம் செய்தால் இவை தொல்லை. அசையாகக் கேட்டால் காரணம் தானே விளங்கும்.

இனித் தமையனார் பட்ட பாடு. அவர் அந்நாட்டுக்குச் சென்ற முதலாண்டிலே ஓர் அலுவலகத்தில், வேலை செய்கிறீரா என்று அவரிடம் வினவியிருக்கிறார்கள். 'ஜெ திராவாய்' என்றால் 'வேலை செய்கிறேன்'. 'ஜே திராவாயே' என்றால் 'வேலை செய்தேன்'. அவரோ எழுத்திலே கண்ட கடைசி ஈ-யை விட மனமில்லாமல் 'ஜெ திராவாயே' என்றார். ஈற்றிலே 'யே' கேட்டதும் எதிரே இருந்தவர் அதனை இறந்தகாலமாகக் கொண்டார். வேலையிலிருப்பவர் வேலையை விட்டவராகப் பதிவானார். அதனைத் திருத்துவதற்கு இரண்டு மாதமும் பல கடிதங்களும் சென்றனவாம். "ஓர் அசை கூடினதாலே வந்த வினை, சேர்" என்று அவர் எழுதியிருந்தார். வினை என்னும் சொல்லை எப்பொருளில் எழுதினாரோ, இரண்டும் பொருந்தும்.

ஆதலின் கற்போர்க்கு நாம் சொல்லும் முறை இதுவே. வினையைத் தனியே மனனம் செய்யற்க. எழுவாயோடு சேர்த்தே சொல்க. முதலிலே கேட்க, பின்னர்ச் சொல்க, அதன் பின்னரே எழுத்தைப் பார்க்க. நமது இலக்கண நூலார் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகக் கூறினர். அந்தக் கைந்நொடியையே அசைக்கு ஒன்றாகக் கொண்டு எண்ணுக. 'இல் பார்ல்' என்பதற்கு விரல் இருமுறைக்கு மேல் நொடித்தால் எங்கோ ஒரு ஊமையெழுத்தைப் பேசவைத்துவிட்டோம் என்று அறிக. தமிழெழுத்தால் ஒலி குறிப்பது தொடக்கத்துக்கு ஊன்றுகோல்; நெடுநாள் ஊன்றினால் கால் பழகாது.

சென்ற கிழமை அப்பெண் மீண்டும் வந்தாள். புதிய கொப்பி. அதிலே தமிழ் ஒலிக்குறிப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லின் அருகிலும் புள்ளிகள் மட்டும் இருந்தன, விரல் நொடித்த அளவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை வாசிக்கச் சொன்னோம். கொப்பியை மூடிவிட்டு, "இல் பார்ல்" என்றாள். விரல் இருமுறை நொடித்தது.

அவளுக்கு அடுத்த மாதம் பிரயாணம். வாசலிற் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, "போட்டு வாறன், சேர்" என்றாள். போகிறவள் வருகிறேன் என்று சொல்லும் நமது வழக்கத்தை எந்த அசைக்கணக்காலே அந்நாட்டவருக்கு விளக்குவாளோ என்று எண்ணியவாறு, படலையைச் சாத்திவிட்டு வந்தோம்.